ரஷ்ய மொழியில் எழுவாயில்லா வாக்கியங்களும் அவற்றின் பொருளும்

ஒரு மொழியின் வாக்கிய அமைப்பு அம்மொழி பேசும் மக்களின் மனப்போக்கைக் காட்டுமா என்னும் வினா மொழியியலில் பழையது, இன்றும் தீராதது. இவ்வினாவுக்கு ‘ஆம்’ என விடை கூறியவர்கள் பெரிதும் சான்றாகக் காட்டிய மொழிகளுள் ரஷ்ய மொழியும் ஒன்று. குறிப்பாக, அம்மொழியில் பரவலாக வழங்கும் எழுவாயில்லா வாக்கியங்கள் ரஷ்ய மக்களின் ‘விதி நம்பிக்கை’யைப் புலப்படுத்துகின்றன என்னும் கருத்து, போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அன்னா வியெஷ்பீட்ஸ்கா 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் பெரும் கவனம் பெற்றது. அவ்வாக்கியங்களைத் தமிழ் அறிந்தவர் ஒருவர் படிக்கும்போது அவருக்கு முதலில் தோன்றுவது வியப்பன்று, பழக்கமே. நாம் நாள்தோறும் பேசும் வாக்கியங்களே அங்கும் உள்ளன. அங்கு அவை விதி நம்பிக்கை எனின், இங்கு அவை யாவை? இக்கட்டுரை ரஷ்ய மொழியின் அத்தகைய வாக்கிய அமைப்புகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை உணர்த்தும் பொருளை விளக்க முற்படுகிறது. எடுத்துக்காட்டுகள் ரஷ்ய எழுத்தமைப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒலிப்பு ஆங்காங்கே வேறுபடும்.

முதலில் சில அடிப்படைச் செய்திகள். ரஷ்ய மொழியில் வேற்றுமைகள் ஆறு. பெயர்ச்சொல்லின் இறுதி மாறுவதால் வேற்றுமை உணர்த்தப்படும். அவற்றுள் நமக்கு இங்கு வேண்டுவது தமிழின் நான்காம் வேற்றுமைக்கு இணையானது. அதன் ரஷ்யப் பெயர் ‘தாதெல்னிய்’. ‘கொடு’ எனப் பொருள்படும் ‘தாத்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தொல்காப்பியரும் நான்காம் வேற்றுமையைக் கொள்பவரை, அதாவது ஏற்பவரை, முதன்மைப்படுத்தியே விளக்குகிறார். ரஷ்யப் பெயர் கிரேக்க இலக்கண மரபின் வழி வந்தது. தொல்காப்பியம் அம்மரபோடு தொடர்பில்லாதது. ஆயினும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது.

இனி, ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதை ரஷ்யர் ‘ம்னே ஹோலோத்னோ’ என்பர். ‘ம்னே’ என்பது ‘எனக்கு’. ‘ஹோலோத்னோ’ என்பது குளிர்ந்த நிலையைக் குறிக்கும் திரியாச் சொல். நிகழ்காலத்தில் ‘இரு’ என்னும் வினை தொக்கே நிற்கும். இறந்த காலத்தில் ‘ம்னே பிலோ ஹோலோத்னோ’ என்றாகும். இங்கு வரும் ‘பிலோ’ ஒருமை அஃறிணை வடிவம். குளிரை உணர்ந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் பலராயினும் வினை அவரோடு இயையாது; ‘பிலோ’ என்றே நிற்கும். தமிழிலும் ‘எனக்குப் பசித்தது’, ‘அவளுக்குப் பசித்தது’, ‘அவர்களுக்குப் பசித்தது’ என வினை ஒன்றன்பாலிலேயே நிற்பதை நினைவுகூர்க. இயைவதற்கு எழுவாய் இல்லாதபோது இரு மொழிகளும் அடைக்கலம் புகும் இடம் ஒன்றே.

‘ஹோலோத்னோ’ போன்ற சொற்களைப் பெயரடை என்பதா, வினையடை என்பதா என்பது ரஷ்ய இலக்கணிகளை நெடுங்காலம் இடர்ப்படுத்திய சிக்கல். ஷேர்பா 1928ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இவற்றைத் தனிச் சொல்வகையாகப் பிரித்து ‘நிலையுணர்த்தும் வகை’ எனப் பெயரிட்டார். வருத்தம், சலிப்பு, வெட்கம், தேவை, இரக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் பல சொற்கள் இவ்வகையில் அடங்கும். அனைவரும் இதனை ஏற்றனர் எனச் சொல்ல இயலாது. ஆயினும் மொழியில் உள்ள ஒன்றுக்கு மரபிலக்கணத்தில் பெட்டி இல்லையென்றால் புதுப் பெட்டி செய்துகொள்ளலாம் என்னும் அவருடைய துணிவு நமக்குப் பிடித்தமானது.

இதே கருத்தை எழுவாயோடு ‘யா ஹோலோத்னிய்’ எனக் கூறின் பொருள் மாறிவிடும். ‘தொட்டால் சில்லென்றிருப்பவன்’ அல்லது ‘அன்பில்லாதவன்’ என்றே கேட்பவர் கொள்வர். ரஷ்ய மொழியைக் கற்கத் தொடங்கும் ஆங்கிலேயர் இப்பிழையைச் செய்வது இயல்பு. வியப்பு என்னவெனில், தமிழரும் இதே பிழையைச் செய்கின்றனர், நாமும் செய்திருக்கிறோம். ஆங்கில வழிப் பாடநூலைக் கொண்டு கற்பதால், தாய்மொழியில் ஆயத்தமாக இருக்கும் வாக்கியத்தை விட்டு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறோம். ‘எனக்கு இருபது வயது’ என்பதற்கு நேராக ‘ம்னே த்வாத்ஸத் லேத்’ என்று ரஷ்யம் கூற, இடையில் ஆங்கிலம் எதற்கு?

வானிலை பற்றிய வாக்கியங்களில் இவ்வொற்றுமை இன்னும் தெளிவு. ‘தெம்னேயெத்’ என்னும் ஒரு சொல் முழு வாக்கியமாகும். ‘இருட்டுகிறது’ என்பது அதன் பொருள். ‘ஸ்வெதாயெத்’ என்றால் ‘விடிகிறது’. ஆங்கிலமும் ஜெர்மனும் இங்கே பொருளற்ற ஒரு சுட்டுப்பெயரை எழுவாய் இடத்தில் அமர்த்தியாக வேண்டும். ரஷ்யத்துக்கும் தமிழுக்கும் அந்தத் தேவை இல்லை.

இரு வடிவங்களுள் ஒன்றைத் தேர்தல்

மேற்கூறியவற்றில் பேசுபவருக்கு வேறு வழியில்லை. குளிரை உணர்த்த வேண்டின் நான்காம் வேற்றுமையே கைகொடுக்கும். பொருள் நுட்பம் மிகுவது, மொழி இரண்டு வடிவங்களைத் தந்து பேசுபவரைத் தேரச் செய்யும் இடங்களில்தான்.

ரஷ்ய வினைகள் பலவற்றோடு ‘ஸ்யா’ என்னும் ஈறு சேர்ந்து, எழுவாய் நீங்கி, உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கும் அமைப்பு ஒன்று உண்டு. ‘யா நே ஸ்ப்ல்யூ’ என்பது ‘நான் உறங்கவில்லை’. காவல் பணியில் இருப்பவரும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும், வேண்டுமென்றே விழித்திருப்பவரும் இவ்வாறு கூறலாம். ‘ம்னே நே ஸ்பீத்ஸ்யா’ என்பது வேறு. படுத்தாயிற்று, கண்ணை மூடியாயிற்று, உறக்கம் மட்டும் வரவில்லை. ‘எனக்கு உறக்கம் வரவில்லை’ என்னும் தமிழ் வாக்கியம் இதற்கு மிக அணுக்கமானது. தமிழ் ‘உறக்கம்’ என்னும் பெயரை எழுவாயாக்கி அதனை ‘வர’ச் செய்கிறது, ரஷ்யம் வினைக்குள்ளேயே மாற்றத்தைச் செய்து முடிக்கிறது. அமைப்பு வேறு, உணர்த்தும் பொருள் ஒன்று.

‘யா ஹோச்சூ’ என்றால் ‘நான் விரும்புகிறேன்’. இதில் உறுதி உண்டு. சில வேளைகளில் கட்டளையின் தொனியும் உண்டு. ‘ம்னே ஹோச்செத்ஸ்யா’ என்றால் விருப்பம் எங்கிருந்தோ வந்து எழுகிறது. பேசுபவர் அதற்கு முழுப்பொறுப்பு ஏற்பதில்லை. விருந்துக்குச் சென்ற வீட்டில் தேநீர் வேண்டுமென்பதை இரண்டாம் வடிவத்தில் கூறுவது மென்மையானது. ‘தேநீர் குடிக்க வேண்டும் போலிருக்கிறது’ என நாம் கூறுவதும் இவ்வகையினதே.

‘யா நே வேர்யூ’, ‘ம்னே நே வேரித்ஸ்யா’ ஆகிய இணை இன்னும் கூர்மையானது. முன்னது ‘நான் நம்பவில்லை’. எதிரில் இருப்பவரின் சொல்லை மறுப்பது. பின்னது ‘நம்ப முடியவில்லை’. செய்தி உண்மை என அறிவு ஒப்புக்கொண்ட பின்னும் மனம் அதனை ஏற்கத் தயங்குவது. மகள் தேர்ச்சி பெற்றாள் என்னும் செய்தி கேட்ட தாய் பின்னதையே கூறுவாள். முன்னதைக் கூறினால் செய்தி கொண்டுவந்தவர் புண்படுவார்.

இவ்வமைப்பு எல்லா வினைகளுக்கும் பொருந்துவதில்லை. பெரும்பாலும் எதிர்மறையோடோ, ‘நன்றாக’ போன்ற அடையோடோ வரும். ‘இன்று எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது’ என்னும் பொருளில் வேலை செய்தலைக் குறிக்கும் வினையை இவ்வாறு அமைக்கலாம். அடையை நீக்கினால் வாக்கியம் தள்ளாடும். அதாவது, செயல் நிகழ்ந்தது என்பதன்று இவ்வாக்கியம் தரும் செய்தி. அது எவ்வாறு கைகூடிற்று, அல்லது ஏன் கைகூடவில்லை என்பதே செய்தி.

பெயரில்லாத ஆற்றல்

தமிழில் நேரிணை இல்லாத அமைப்பு ஒன்றும் ரஷ்யத்தில் உண்டு. ரஷ்ய எழுவாயில்லா வாக்கியங்களுள் மிகச் சுவையானது இதுவே என்பது எம் கருத்து.

‘காற்று கூரையைப் பெயர்த்தது’ என்பதை ‘வேதெர் சொர்வால் க்ரிஷு’ எனலாம். ‘வேதெர்’ (காற்று) எழுவாய். வினை அதனோடு இயைந்து ஆண்பாலில் நிற்கும். ‘க்ரிஷு’ (கூரையை) இரண்டாம் வேற்றுமை. இதனையே ‘க்ரிஷு சொர்வாலோ வேத்ரோம்’ எனவும் கூறலாம். இப்போது காற்று கருவி வேற்றுமைக்குச் சென்றுவிட்டது: ‘காற்றால்’. கூரை இரண்டாம் வேற்றுமையிலேயே இருக்கிறது: ‘கூரையை’. வினையோ அஃறிணை ஒருமையில் ‘பெயர்த்தது’ என நிற்கிறது. ‘கூரையைக் காற்றால் பெயர்த்தது’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பெயர்த்தது எது? வாக்கியம் கூறாது. செயப்படுபொருள் உண்டு, கருவி உண்டு, வினை உண்டு. வினைமுதலின் இடம் வெறுமையாக இருக்கிறது.

இது செயப்பாட்டு வினையன்று என்பதை வலியுறுத்த வேண்டும். செயப்பாட்டு வினையாயின் கூரை எழுவாயாகியிருக்கும். தமிழர் இவ்விடத்தில் ‘காற்றில் கூரை பறந்துவிட்டது’ என்பர். தன்வினை, பிறவினை என வினைகளை இணையிணையாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. எனவே ‘பெயர்த்தது’ வேண்டாமெனில் ‘பெயர்ந்தது’ எனக் கூரையையே எழுவாயாக்கிவிடுகிறோம். ரஷ்யம் கூரையைத் தாக்குண்ட பொருளாகவே வைத்துக்கொண்டு, தாக்கியவரின் நாற்காலியை மட்டும் காலியாக விடுகிறது. வெள்ளம் படகை அடித்துச் செல்லுதல், மின்னல் தாக்கி ஒருவர் இறத்தல், பனி சாலையை மூடுதல் போன்றவை இவ்வாறு கூறப்படும்.

ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. கருவி வேற்றுமையில் மனிதரை வைக்க இயலாது. ‘கூரையை இவானால் பெயர்த்தது’ என்னும் வகையில் ரஷ்யத்தில் ஒருவரும் கூறார். குற்றவாளியை மறைக்க இவ்வமைப்பு பயன்படாது. அறிவும் நோக்கமும் அற்ற ஆற்றல்களுக்கே இது உரியது. இவ்வரம்பைக் கருதாமல் ‘ரஷ்யர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எழுவாயை நீக்குகின்றனர்’ எனக் கூறுவது பொருந்தாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க எல்லா மொழிகளிலும் எளிய வழி வேறு உண்டு. உடைத்த பிள்ளையே ‘கோப்பை உடைந்துவிட்டது’ எனச் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ரஷ்யப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கின்றனர்.

இல்லாமையைக் கூறும் முறை

உடைமையைக் கூறும் வாக்கியங்களில் ரஷ்யமும் தமிழும் ‘உடைய’ என்னும் வினையைப் பெரிதும் நாடுவதில்லை. ‘உ மென்யா யேஸ்த் க்னீகா’ என்றால் ‘என்னிடம் நூல் இருக்கிறது’. தமிழ் ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்றும் ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்றும் உருபு வேறுபடுத்தும் இடத்தில் ரஷ்யம் ஒரே அமைப்பை வைத்துக்கொள்கிறது. ‘உடைய’ எனப் பொருள்படும் ‘இமேத்’ என்னும் வினை அங்கு இருப்பினும் ‘உரிமை உண்டு’, ‘முக்கியத்துவம் உண்டு’ போன்ற கருத்துப்பொருள் தொடர்களிலேயே மிகுதியாக வழங்குகிறது.

எதிர்மறைக்கு வரும்போது ரஷ்யம் தனிவழி செல்கிறது. ‘உ மென்யா நியேத் க்னீகி’. இங்கு ‘நூல்’ எழுவாய் வேற்றுமையை இழந்து ஆறாம் வேற்றுமைக்கு நிகரான வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. இல்லாத பொருள் எழுவாயாக நிற்கும் தகுதியை இழக்கிறது என இதனை விளக்கலாம். லெனர்ட் பேபி 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் முழுவதும் ரஷ்ய மொழியின் இருத்தல் வாக்கியங்களையும் எதிர்மறையையும் பற்றியதே.

கற்பிப்போர் விரும்பிக் காட்டும் இணை ஒன்று உண்டு. ‘ஓதேத்ஸ் நே பில் நா மோரே’, ‘ஓத்ஸா நே பிலோ நா மோரே’. இரண்டிலும் உள்ள சொற்கள் ஒன்றே: தந்தை, இல்லை, இருந்த, கடற்கரையில். முன்னதில் தந்தை எழுவாய்; வினை அவரோடு இயைகிறது. ‘தந்தை கடற்கரைக்குச் சென்றதே இல்லை’ என்பது பொருள். பின்னதில் தந்தை எழுவாய் அல்லர், வினை அஃறிணை. ‘அவ்வேளையில் தந்தை கடற்கரையில் இல்லை’ என்பது பொருள். முன்னது தந்தையைப் பற்றிய செய்தி. பின்னது கடற்கரையைப் பற்றிய செய்தி. அங்குத் தேடிப் பார்த்தோம், காணவில்லை. ஒரே ஒரு வேற்றுமை மாற்றம் வாக்கியத்தின் நோக்குநிலையையே திருப்பிவிடுகிறது.

செயப்படுபொருளிலும் இத்தகைய தேர்வு உண்டு. ‘படிக்கவில்லை’ என்னும் வினையோடு நூலை இரண்டாம் வேற்றுமையில் வைத்தால் குறிப்பிட்ட ஒரு நூல் எனவும், ஆறாம் வேற்றுமையில் வைத்தால் நூல் எதுவும் எனவும் கொள்ளும் போக்கு காணப்படுகிறது. இது விதியன்று, போக்கே. தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. ‘நூல் படிக்கவில்லை’, ‘நூலைப் படிக்கவில்லை’ என உருபைத் தொகுத்தும் விரித்தும் நாம் செய்வது இதனையே.

மொழியமைப்பும் மக்கள் இயல்பும்

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். வியெஷ்பீட்ஸ்காவின் வாதம் மேலோட்டமானதன்று. ரஷ்யத்தில் எழுவாயில்லா வாக்கியங்கள் தேய்ந்துவரும் எச்சங்கள் அல்ல, வளர்ந்துவருபவை என்பதைப் பெஷ்கோவ்ஸ்கி 1914ஆம் ஆண்டிலேயே தம் தொடரியல் நூலில் சுட்டியிருந்தார். அதனையும் துணைக்கொண்டு, உலகம் மனிதனின் கட்டுக்குள் அடங்காதது, முழுதும் அறிய முடியாதது என்னும் பார்வை அம்மொழியின் தொடரமைப்பில் பதிந்துள்ளது என அவர் கூறுகிறார்.

இவ்வாதத்தை முற்றாகத் தள்ளவும் வேண்டாம், அப்படியே கொள்ளவும் வேண்டாம். தேர்வு உள்ள இடத்தில் பொருள் உண்டு. ‘ஹோச்சூ’வை விட்டு ‘ஹோச்செத்ஸ்யா’வைத் தேர்ந்தவர் ஏதோ ஒன்றை உணர்த்துகிறார். தேர்வே இல்லாத ‘ம்னே ஹோலோத்னோ’விலிருந்து அவருடைய உலகப் பார்வையை எவ்வாறு அறிவது? அதைக் கூறியவர் விதியை நம்புபவராக இருக்கலாம், நம்பாதவராகவும் இருக்கலாம். குளிர் எடுத்தால் இருவரும் அதையே கூறுவர். ஜெர்மானியரும் ‘மிர் இஸ்ட் கால்ட்’ என நான்காம் வேற்றுமையில்தான் குளிரை உணர்கின்றனர். ஜெர்மானியரை விதிக்கு அடங்கியவர் என எவரும் கூறக் கேட்டதில்லை. பழைய ஆங்கிலத்திலும் பசி, தாகம், தோன்றல் ஆகியவற்றுக்கு இத்தகைய அமைப்பு இருந்தது. வேற்றுமை ஈறுகள் தேய்ந்து, எழுவாய் முதலில் நிற்க வேண்டும் என்னும் ஒழுங்கு வலுப்பெற்றபோது அது மறைந்தது. அம்மாற்றத்துக்கு விளக்கம் ஆங்கிலேயரின் மன உறுதியில் இல்லை, சொல்லிறுதியில் இருக்கிறது.

தெற்காசியாவின் நிலை இதனை மேலும் வலுப்படுத்தும். காலின் மசிகா 1976ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உணர்பவரை நான்காம் வேற்றுமையில் வைக்கும் அமைப்பை இந்தியத் துணைக்கண்டத்தை ஒரு மொழிவட்டாரமாக இணைக்கும் கூறுகளுள் ஒன்றாகக் காட்டினார். தமிழ், மலையாளம், இந்தி என இனம் வேறான மொழிகள் பலவற்றில் இது உண்டு. இத்தனை கோடி மக்களின் மன இயல்பை ஓர் உருபில் அடக்குவது இயலாது.

ஒரு குறையையும் இங்குக் கூறலாம். பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ் - ரஷ்ய அகராதி 1960ஆம் ஆண்டிலேயே மாஸ்கோவில் வெளிவந்தது. அந்திரோனோவ் தமிழ் இலக்கணத்தை ரஷ்ய மொழியில் எழுதினார். அவர்கள் நம்மை நோக்கிய அளவுக்கு நம் தமிழ்த் துறைகள் அவர்களுடைய மொழியை நோக்கியதில்லை. நோக்கியிருப்பின் மேற்கண்ட வாதத்துக்குத் தமிழிலிருந்து மறுமொழி முன்பே கிடைத்திருக்கும்.

எழுவாய் எது?

நம் வகுப்பறைக்கு இதனால் ஆவதென்ன என ஆசிரியர்கள் கேட்கக்கூடும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் யாது என மாணவர் கேட்டால் நம்மில் பலர் தடுமாறுகிறோம். பள்ளி இலக்கண நூல்கள் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை, எல்லை எனப் பொருள்களைப் பட்டியலிடுகின்றன. உணர்பவரைக் குறிக்கும் ‘கு’ அப்பட்டியலில் வெளிப்படையாக இல்லை. நாள்தோறும் மிகுதியாகப் பயன்படும் பொருள் ஒன்று பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஆங்கிலத்தில் சிந்திக்கும் மாணவர் ‘நான் பசிக்கிறேன்’ என எழுதும்போது சிவப்பு மையால் அடிக்கிறோம்; காரணம் கூறுவதில்லை.

ரஷ்ய மொழியோடு ஒப்பிட்டால் தமிழின் ‘கு’ உருபுப் பெயர் எவ்வளவு ஆற்றல் உடையது என்பது புலனாகும். தற்சுட்டுப் பெயரை முதற்சோதனையாகக் கொள்வோம். ‘அவனுக்குத் தன் ஊர் பிடிக்கும்’ என்பதில் ‘தன்’ அவனையே சுட்டும். ரஷ்யத்தில் ‘யெமூ நுஷ்னா ஸ்வோயா கோம்நாதா’ (அவனுக்குத் தன் அறை ஒன்று தேவை) என்பதில் ‘ஸ்வோயா’ அவனைச் சுட்டும். இதுவரை இரண்டும் ஒன்றே.

அடுத்தது வினையெச்சம். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் வினைமுதல் வினை கொண்டு முடியும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ரஷ்யத்திலும் எச்சத்தின் வினைமுதலும் முற்றின் எழுவாயும் ஒன்றாதல் வேண்டும். ‘ப்ரோச்சிதாவ் பிஸ்மோ, ம்னே ஸ்தாலோ க்ரூஸ்த்னோ’ (கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தமாயிற்று) என எழுதினால் ரஷ்ய ஆசிரியர் பிழையெனத் திருத்துவார். பேச்சில் இது வருவதுண்டு, எழுத்தில் ஏற்பதில்லை. செக்காவ் 1884ஆம் ஆண்டு எழுதிய ‘புகார்ப் புத்தகம்’ என்னும் சிறுகதையில், தொப்பி பறந்துபோனதைப் பதிவுசெய்யும் பயணி ஒருவரின் வாக்கியம் இத்தகைய எச்சப் பிழைக்கு ரஷ்யப் பள்ளிகளில் இன்றும் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அதைப் படிக்கும் ரஷ்யர் சிரிப்பர். தமிழாக்கி நம் மாணவரிடம் படித்துக் காட்டினால் சிரிப்பு எளிதில் வராது என எண்ணுகிறோம்.

‘கடிதத்தைப் படித்து எனக்கு அழுகை வந்தது’ என்பது தமிழில் நல்ல வாக்கியம். வடிவத்தின்படி ‘அழுகை’ எழுவாய். ஆனால் கடிதத்தைப் படித்தது அழுகையன்று. ‘படித்து’ என்னும் எச்சம் தேடிச் சென்று பற்றிக்கொள்வது ‘எனக்கு’ என்பதனையே. ரஷ்ய மொழி ‘ம்னே’க்குக் கொடுக்க மறுக்கும் தகுதியைத் தமிழ் ‘எனக்கு’க்குக் கொடுத்திருக்கிறது. எனவே ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் எழுவாய் வேற்றுமையில் பெயர் எதுவும் இல்லை, உணரும் வினைமுதல் நான்காம் வேற்றுமையில் நிற்கிறது என மாணவரிடம் கூறுவதில் தவறில்லை. ‘பசி’ என்பதைத் தோன்றா எழுவாயாக வருவித்துக் கூறுவாரும் உளர். அவ்விளக்கம் ‘பசிக்கிறது’ வரை செல்லும். ‘கடிதத்தைப் படித்து’ என்பதோடு சேர்த்துப் பார்க்கும்போது நின்றுவிடும்.